தலைக்கு எடுத்த ஸ்கேன்... மாட்டிக்கிட்டது மூக்கு!

போன வாரம் ஹாஸ்டல் மெஸ் சாம்பாரில் பருப்பைத் தேடினோம். இந்த வாரம் கொஞ்சம் சீரியஸ் மேட்டர். ஆனா பயப்படாதீங்க, நடுநடுவில் சிரிக்கலாம். உங்களில் பாதிப் பேர் வீட்டிலாவது இந்த சீன் ஏற்கெனவே நடந்திருக்கும். நடக்காதவங்களுக்கு சீக்கிரமே நடக்கும்.

சீன் இதுதான். வீட்டில் ஒரு பொடிசு கீழே விழுந்து தலையில் அடி. உடனே ஆஸ்பத்திரி, ஸ்கேன், கையில் ஒரு ரிப்போர்ட். முழுக்க இங்கிலீஷ். மொத்தக் குடும்பமும் அந்தப் பேப்பரை ஒரு தடவை பார்க்கும். அப்புறம் எல்லாத் தலையும் ஒரே பக்கம் திரும்பும். உங்க பக்கம்! 'நீதான காலேஜ் படிக்கிற... என்ன போட்டிருக்குன்னு வாசிச்சு சொல்லு.'

நீங்க படிக்கிறது பி.காம். ஆக இருக்கலாம், மெக்கானிக்கலாக இருக்கலாம், தமிழ் இலக்கியமாகக்கூட இருக்கலாம். அதெல்லாம் யாருக்கும் கவலையில்லை. கழுத்தில் ஐ.டி. கார்டு தொங்கினா போதும், அன்னைக்கு நீங்கதான் குடும்ப டாக்டர். வீட்டிலேயே முதல் ஆளாகக் காலேஜ் வாசலை மிதிச்சவரா இருந்தா கேட்கவே வேண்டாம்... தெருவுக்கே டாக்டர்!

நானும் ஒரு நாள் அப்படி டாக்டர் ஆனேன். அன்னைக்கு நான் செய்த தப்பைத்தான் இந்த வாரம் சொல்லப் போறேன்.

டியூப்லைட் டாக்டர்

2004, மே மாதம். இன்ஜினீயரிங் செகண்ட் இயர் முடிந்த லீவு. தாமிரபரணிப் பக்கம் இருக்கும் அக்கா வீட்டில் டேரா. அக்கா பையனுக்கு அப்போ ஆறு வயசு. வாண்டு என்றுதான் கூப்பிடுவோம். காரணத்தோடுதான்!

ஒரு சாயங்காலம் ஆற்றுப் படித்துறையில் ஓடி, வழுக்கி, பின்மண்டையில் பலமான அடி. வீட்டுக்குத் தூக்கிட்டு வந்ததும் அடுத்தடுத்து வாந்தி எடுத்தான். கண்ணைச் சொருகிச் சொருகித் தூங்கப் பார்த்தான். அத்தான் ஆட்டோ பிடிக்க, ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். தலையில் சி.டி. ஸ்கேன் எடுத்தார்கள். (எடுத்தது சரிதான். அப்படி வாந்தியும் மயக்கமும் இருந்தா பார்த்தே ஆகணும்.) டாக்டர் ஃபிலிமைப் பார்த்தார், பையனை எழுப்பி நடக்க வைத்துப் பார்த்தார், ராத்திரி முழுக்க வைத்திருந்தார். காலையில், 'தலைக்கு ஒண்ணும் இல்ல, கூட்டிட்டுப் போங்க' என்றார். அவ்வளவுதான். நிம்மதியாகக் கிளம்ப வேண்டியதுதானே?

கிளம்பினோம். கையில் அந்தப் பெரிய கவரும் கூடவே கிளம்பியது.

வீட்டுக்கு வந்ததும் அக்கா கவரை என் மடியில் வைத்தாள். 'தம்பி, இதுல என்னல எழுதியிருக்கு?' நான் ஃபிலிமை எடுத்து டியூப்லைட் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தேன். ஒரு மண்ணும் புரியவில்லை. இருந்தாலும் 'ம்ம்ம்...' என்று ஒரு பில்டப் கொடுத்தேன். அப்புறம் பேப்பரை எடுத்தேன்.

ஐந்து வரி. முதல் மூன்று வரியில் 'இல்லை, இல்லை, இல்லை'. ரத்தக் கசிவு இல்லை, எலும்பு முறிவு இல்லை, மூளையில் கோளாறு இல்லை. நாலாவது வரியில் ஒரு 'இருக்கு'. இரண்டு கன்னத்து சைனஸிலும் சவ்வு தடித்திருக்கிறது, சைனஸைட்டிஸாக இருக்கலாம் என்று. ஐந்தாவது வரி என்னமோ ஒரு சம்பிரதாயம் மாதிரி இருந்தது. அதை நான் வாசிக்கவே இல்லை.

மூன்று 'இல்லை'யை விட்டுவிட்டு, அந்த ஒரு 'இருக்கு'வைப் பிடித்துக்கொண்டேன். கம்பீரமாக அறிவித்தேன். 'அக்கா... வாண்டுக்கு சைனஸ்!'

டாக்டர் ஏன் சொல்லலை என்று அத்தான் கேட்டார். 'அவரு தலையை மட்டும் பார்த்திருப்பாரு அத்தான், இதைக் கவனிக்கலை போல' என்றேன். இன்னைக்கு நினைச்சாலும் கூசுது. அவர் கவனிக்காமல் இல்லை. சொல்ல வேண்டிய அளவுக்கு அதில் ஒன்றும் இல்லை என்று விட்டிருக்கிறார். 'அது சும்மா ஜலதோஷம்' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்தான். சொல்லாமல் விட்ட அந்த இடத்தை நான் ரொப்பினேன்.

ஒரு வரி செய்த வேலை

அதுக்கப்புறம் நடந்ததைக் கேளுங்க. ரிப்போர்ட்டைக் காட்டி மருந்துக் கடையில் ஆன்டிபயாடிக் சிரப் வாங்கியாச்சு. பையனுக்கு வயிற்றுப்போக்கு. ஐஸ்க்ரீம் கட். தலைக்குக் குளிப்பது ஞாயிற்றுக்கிழமை மட்டும். தினமும் ராத்திரி நொச்சி இலை போட்டு ஆவி பிடிக்க வைத்தார்கள். துறுதுறு என்று ஒரு இடத்தில் நிற்காத பையனைப் போர்வைக்குள் உட்கார வைத்து, மூக்குக்கு நேராகக் கொதிக்கிற தண்ணீர்ப் பாத்திரம்! சரிஞ்சிருந்தா என்ன ஆகியிருக்கும்?

எல்லாத்தையும்விடப் பெரிய தண்டனை, ஆறு கட். மே மாசம், ஊர்ப் பசங்க எல்லாம் தாமிரபரணியில் குதித்துக்கொண்டிருக்க, இவன் மட்டும் படித்துறையில் செருப்புக்குக் காவல். ஸ்கூல் திறந்ததும் பி.டி. சாருக்கு லெட்டர்: 'பையனுக்கு சைனஸ், வெயிலிலும் மழையிலும் விட வேண்டாம்.' ஒரே வருஷத்தில் அவனே தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ள ஆரம்பித்தான். 'எனக்கு சைனஸ் இருக்கு அங்கிள்.'

சைனஸ் யாருக்குத்தான் இல்லை?

இங்கேதான் முதல் ஜோக். சைனஸ் என்பது நோயின் பேரே இல்லை. அது இடத்தின் பேர்! 'எனக்கு சைனஸ் இருக்கு' என்பதும் 'எனக்கு முழங்கை இருக்கு' என்பதும் ஒன்றுதான்.

மூக்கைச் சுற்றி மண்டை எலும்புக்குள் காற்று நிரம்பிய காலி அறைகள் இருக்கின்றன. கன்னத்தில் ஒரு ஜோடி, கண்ணுக்கும் மூக்குக்கும் நடுவில் தேன்கூடு மாதிரி சின்னச் சின்ன அறைகள், நெற்றியில் ஒரு ஜோடி, ரொம்ப உள்ளே மூளைக்கு அடியில் ஒரு ஜோடி. கன்னத்து அறையை 1651-இல் நதானியேல் ஹைமோர் என்ற இங்கிலாந்து டாக்டர் விவரமாக எழுதினார். இன்னைக்கும் அதுக்கு அவர் பேர் உண்டு.

குழந்தை பிறக்கும்போது கன்னத்து அறையும் நடு அறைகளும் மட்டும் குட்டியூண்டு இருக்கும். நெற்றி அறை ஏழு, எட்டு வயசுவாக்கில்தான் தலைகாட்டும். டீன் ஏஜ் முழுக்க வளரும். அதாவது, ஆறு வயசுப் பையனின் மூக்கு இன்னும் கட்டுமானம் முடியாத வீடு. அறைகள் சின்னது, வாசல் அதைவிடச் சின்னது.

முக்கியமான பாயின்ட் இனிதான். மூக்குக்குள் இருக்கும் அதே ஈரச் சவ்வுதான் இந்த அறைகளின் சுவர்களிலும் தொடர்ச்சியாக ஒட்டியிருக்கிறது. நடுவில் சுவரோ கதவோ கிடையாது. மூக்கில் ஜலதோஷம் என்றால் பக்கத்து அறையிலும் ஜலதோஷம். சவ்வு வீங்கும், சளி தேங்கும். சி.டி. படத்தில் காற்று கறுப்பு, எலும்பு வெள்ளை. வீங்கிய சவ்வும் சளியும் சாம்பல். கறுப்பாக இருக்க வேண்டிய அறையில் சாம்பல் தெரிந்தால், ரிப்போர்ட்டில் அந்த நாலாவது வரி வந்துவிடும்.

31 பேர் மூக்கு

இதை நான் அளக்கவில்லை. சோதித்தே பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவின் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜாக் க்வால்ட்னி குழுவினர் 1994-இல் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். ஜலதோஷம் பிடித்து ரெண்டு, நாலு நாள் ஆன 31 பேர். வேறு எந்த வியாதியும் இல்லாதவர்கள். அவர்களை சி.டி. ஸ்கேனில் படுக்க வைத்தார்கள்.

ரிசல்ட்? 31-இல் 27 பேருக்குக் கன்னத்து சைனஸில் கோளாறு தெரிந்தது. அதாவது 87 சதவீதம்! எல்லாருக்கும் இருந்தது வெறும் ஜலதோஷம். இந்தப் படங்களைத் தனியாக யாரிடமாவது கொடுத்திருந்தால், 27 சைனஸ் நோயாளிகள் உருவாகியிருப்பார்கள்.

கதை அதோடு முடியவில்லை. அதில் 14 பேருக்கு சுமார் ரெண்டு வாரம் கழித்து மறுபடி படம் எடுத்தார்கள். ஆன்டிபயாடிக் எதுவும் கொடுக்கவில்லை. 11 பேருக்கு அறைகள் சுத்தமாகியிருந்தன, அல்லது நன்றாகத் தேறியிருந்தன. தானாகவே!

அவர்கள் பெரியவர்கள். குழந்தைகளுக்கு வாங்க. ஒரு குழந்தைக்கு வருஷத்துக்கு ஆறு முதல் எட்டு ஜலதோஷம் வருவது சகஜம். இப்போ ஒரு ரஃப் கணக்கு போடுவோம். ஒரு ஜலதோஷம் பத்து நாள். அதுக்கப்புறம் உள்ளே இருப்பது வடிந்து சுத்தமாக இன்னும் ஒரு வாரம், பத்து நாள். ஆக மொத்தம் இருபது நாள். இருபதை எட்டால் பெருக்குங்க, 160 நாள். வருஷத்தில் கிட்டத்தட்ட பாதி! இன்னைக்குத் தேதிக்கு நம்ம தெருவில் நல்லா ஓடியாடுகிற பசங்களை எல்லாம் வரிசையில் நிறுத்தி ஸ்கேன் எடுத்தாலும், நிறைய அறைகள் சாம்பலாகத்தான் தெரியும்.

நிஜ ஆய்வுகளும் அதைத்தான் சொல்கின்றன. தலையில் அடி, வலிப்பு என்று வேறு காரணங்களுக்கு ஸ்கேன் எடுத்த குழந்தைகளின் படங்களை 1980-களிலிருந்தே டாக்டர்கள் எண்ணிப் பார்த்திருக்கிறார்கள். சைனஸ் தொந்தரவே இல்லாத குழந்தைகளில் கணிசமானவர்களுக்கு, சில ஆய்வுகளில் பாதிப் பேர் வரைக்கும், சைனஸில் ஏதாவது ஒன்று தெரிந்திருக்கிறது. எம்.ஆர்.ஐ. எடுத்தா இன்னும் மோசம். ஈரச் சவ்வு அதில் பளிச்சென்று மின்னும், லேசான வீக்கம்கூட தப்பாது. கன்னத்து அறையில் 'ரிடென்ஷன் சிஸ்ட்' என்று எழுதியிருந்தாலும் அலறாதீங்க. அது பெரும்பாலும் சளிச் சுரப்பி அடைத்து உப்பிய ஒரு சின்னக் குமிழி, அவ்வளவுதான்.

வாண்டு விஷயத்துக்கு வருவோம். அந்த வாரம் முழுக்க அவன் மூக்கு ஒழுகிக்கிட்டுதான் திரிஞ்சான். தெருவில் பாதிப் பசங்களுக்கும் அதே கதைதான். வீட்டில் எல்லாருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். ரிப்போர்ட் கையில் வந்ததும் எல்லாருக்கும் மறந்துபோச்சு!

கல்யாண வீடியோவில் வடை

1971 அக்டோபர் 1. லண்டன் விம்பிள்டனில் ஒரு ஆஸ்பத்திரி. உலகத்திலேயே முதல் தடவையாக ஒரு நோயாளியின் தலையை சி.டி. ஸ்கேன் படம் எடுத்தது. மெஷினை உருவாக்கியவர் காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்ட், இன்ஜினீயர். (நம்ம ஆளு!) வேலை பார்த்தது இ.எம்.ஐ. கம்பெனியில். பீட்டில்ஸ் ரிக்கார்டு வெளியிட்டதே, அதே இ.எம்.ஐ.தான். 1979-இல் அவருக்கும் ஆலன் கார்மக்குக்கும் நோபல் பரிசு. அவர்கள் தேடியது மூளையை. ஆனால் கேமராவுக்கு என்ன தெரியும்? மூளையைப் பிடிக்கப் போனால் பக்கத்தில் இருக்கும் கண், காது, மூக்கு எல்லாமே ஃப்ரேமில் விழும்.

கல்யாண வீடியோ பார்த்திருக்கீங்கல்ல? கேமராமேன் தாலி கட்டுவதை எடுப்பார். பின்னாடி வரிசையில் நம்ம சித்தப்பா வாயில் ஒரு முழு வடையோடு பதிவாகியிருப்பார். வீடியோ உண்மைதான், வடையும் உண்மைதான். அதுக்காக, 'சித்தப்பா கல்யாணத்துக்கு வந்ததே வடை திங்கத்தான்' என்று முடிவு கட்டலாமா? தலை ஸ்கேனில் தெரியும் சைனஸ் அந்த வடை மாதிரி. இதுக்கு டாக்டர்கள் வைத்திருக்கும் பேர், தற்செயலாகத் தெரிந்தது. தேடிப் போனதல்ல, வழியில் தட்டுப்பட்டது.

ஸ்கேன் படம் பார்த்து ரிப்போர்ட் எழுதும் டாக்டர் மேல் தப்பில்லை. கண்ணில் பட்டதை எழுதுவது அவர் வேலை. எழுதாமல் விட்டால்தான் தப்பு. ஆனால் பெரும்பாலும் அவர் குழந்தையைப் பார்த்திருக்க மாட்டார். மூக்கு ஒழுகுதா, காய்ச்சலா, நல்லா விளையாடுதா, அவருக்குத் தெரியாது. அதனால்தான் கடைசியில் ஒரு வரி சேர்ப்பார். நான் வாசிக்காமல் விட்ட அந்த ஐந்தாவது வரி!

'சஜஸ்டட் க்ளினிக்கல் கோரிலேஷன்.'

தமிழில் சொன்னா, 'நான் பார்த்தது படத்தை மட்டும்தான். பிள்ளையைப் பார்த்துட்டு முடிவு பண்ணுங்க.' ஐந்து வரியில் எங்க குடும்பத்துக்கு ரொம்பத் தேவையாக இருந்தது அந்த வரிதான். இன்ஜினீயரிங் படிக்கிற மேதை அதை சம்பிரதாயம் என்று தள்ளிவிட்டார்.

அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2013-இல் வெளியிட்ட வழிகாட்டி இன்னும் ஒரு படி மேலே போகிறது. சாதாரண ஜலதோஷமா, பாக்டீரியா சைனஸைட்டிஸா என்று கண்டுபிடிக்க எக்ஸ்ரே, ஸ்கேன் எதுவுமே எடுக்காதீங்க என்கிறது. ஏன்? ரெண்டுக்கும் படம் ஒரே மாதிரிதான் இருக்கும்! பிரித்துக் காட்டுவது படம் இல்லை, நாட்களும் அறிகுறிகளும்தான். மூக்கொழுகலோ பகல் இருமலோ பத்து நாளைத் தாண்டியும் குறையாமல் இருந்தால், நல்லாகிவிட்டு மறுபடி மோசமானால், 39 டிகிரி செல்சியஸ் (102.2 ஃபாரன்ஹீட்) அல்லது அதற்கு மேல் காய்ச்சலும் கெட்டியான சளியும் சேர்ந்தாற்போல் மூன்று நாள் இருந்தால்... அப்போதான் பாக்டீரியா சைனஸைட்டிஸைப் பற்றி யோசிக்கணும்.

பெரிய தப்பு இனிதான்

சிரப், ஆவி, ஐஸ்க்ரீம்... இதெல்லாம்கூட மன்னிக்கலாம். மன்னிக்க முடியாதது அப்புறம் நடந்தது.

ஒன்பது வயசில் வாண்டுக்குத் தலைவலி வர ஆரம்பித்தது. மாசத்துக்கு ரெண்டு, மூணு தடவை. வந்தா பள்ளிக்கூடத்திலிருந்து பாதியில் வந்துவிடுவான். ரூமை இருட்டாக்கிப் படுத்துக்கொள்வான். வாந்தி எடுப்பான். ஒரு தூக்கம் போட்டு எழுந்தா சரியாகிவிடும். வீட்டில் யாரும் யோசிக்கவே இல்லை. யோசிக்க என்ன இருக்கு? அவனுக்குத்தான் சைனஸ் இருக்கே! ரிப்போர்ட்டிலேயே போட்டிருக்கே! மறுபடி ஆவி, மறுபடி சிரப். புது டாக்டரிடம் போனாலும் அக்கா முதல் வாக்கியமே, 'பையனுக்கு சைனஸ் இருக்கு சார்.' கேள்வி கேட்பதற்கு முன்னாடியே பதிலைக் கையில் கொடுத்துவிடுவாள். அந்தப் பதிலை எழுதிக் கொடுத்தது யார்? நான்!

மூன்று வருஷம் இப்படியே ஓடியது. 2010-இல் ஒரு டாக்டரம்மா, அக்கா நீட்டிய பழைய கவரை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, பையனிடம் பேச ஆரம்பித்தார். 'வலி வந்தா வெளிச்சம் புடிக்குமா தம்பி? சத்தம்? தூங்கி எழுந்தா சரியாகுதா? வலி வரும்போது மூக்கு ஒழுகுதா?' அப்புறம் அக்கா பக்கம் திரும்பினார். 'உங்களுக்கு இந்த மாதிரித் தலைவலி உண்டாம்மா?'

அக்காவுக்கு உண்டு. ரொம்ப வருஷமா உண்டு.

வாண்டுக்கு இருந்தது மைக்ரேன். நம்ம ஊரில் ஒற்றைத் தலைவலி என்பார்கள். (குழந்தைகளுக்கு ரெண்டு பக்கமும் வலிக்கலாம், அதனால்தான் பலருக்குச் சந்தேகமே வருவதில்லை.) நேரத்துக்குத் தூக்கம், காலையில் பட்டினி போடாமல் ஸ்கூலுக்கு அனுப்புவது, வலி ஆரம்பித்த உடனே சரியான அளவில் வலி மாத்திரை. அவ்வளவுதான். சில மாதங்களில் பையன் ஆளே மாறிட்டான்.

இது எங்க வீட்டுக் கதை மட்டும் இல்லை. 2004-இல் வெளியான ஒரு பெரிய ஆய்வில், 'எனக்கு சைனஸ் தலைவலி' என்று தாங்களாகவோ டாக்டர் சொல்லியோ நம்பிக்கொண்டிருந்த 2,991 பெரியவர்களைப் பரிசோதித்தார்கள். 88 சதவீதம் பேருக்கு இருந்தது மைக்ரேன் வகைத் தலைவலி! (ஹாஸ்டலில் 'சைனஸ்டா மச்சான்' என்று தலையில் துண்டு கட்டிப் படுத்திருக்கும் ரூம் மேட்டிடம் இந்தப் பாராவைக் காட்டவும்.)

ரிப்போர்ட்டில் தற்செயலாக வந்த ஒரு வரியின் ஆபத்து இதுதான். இல்லாத நோய்க்கு மருந்து கொடுப்பதோடு அது நிற்பதில்லை. இருக்கிற நோயைத் தேட விடாமல் வழியை மறித்துக்கொண்டு உட்கார்ந்துவிடும்.

அப்போ கண்டுக்கவே வேண்டாமா?

அவசரப்படாதீங்க! இதைப் படிச்சுட்டு, 'சைனஸா? அது சும்மா வடை' என்று நீங்களே தீர்ப்பு எழுதினால், நான் 2004-இல் செய்த அதே தப்பைத் திருப்பிப் போட்டுச் செய்கிறீர்கள். தற்செயலாகத் தெரிவதில் எப்போதாவது நிஜமாகவே கவனிக்க வேண்டியதும் இருக்கும். அதைப் பிரித்துப் பார்ப்பது டாக்டர் வேலை. உங்க வேலை, சரியான கேள்வியோடு போவது.

சில அடையாளங்கள் தெரிந்தால் தள்ளிப்போடவே கூடாது. கண்ணைச் சுற்றி வீக்கம் அல்லது சிவப்பு, கண் பிதுங்குவது, பார்வை ரெண்டு ரெண்டாகத் தெரிவது, நெற்றியில் வீக்கம், காய்ச்சலோடு கடுமையான தலைவலி, விடாத வாந்தி, கழுத்து விறைப்பு, குழந்தை வழக்கத்துக்கு மாறாகச் சோர்ந்து மயங்குவது. இதில் எது இருந்தாலும் ஸ்கேன், ரிப்போர்ட் ஆராய்ச்சி எல்லாம் அப்புறம். நேரே ஆஸ்பத்திரி.

எதிர்ப்பக்கம் ஒன்றும் உண்டு. 'சைனஸ் சுத்தமாச்சான்னு பார்க்க இன்னொரு ஸ்கேன் எடுத்துடலாமா?' என்று நீங்களாகப் போய்க் கேட்காதீங்க. ஒரு தலை சி.டி.யில் கிடைக்கும் கதிர்வீச்சு சுமார் 2 மில்லி சீவெர்ட். மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் இயற்கையாக நமக்குக் கிட்டத்தட்ட ஒரு வருஷத்தில் கிடைப்பது. தலையில் அடிபட்ட அன்னைக்கு அது தேவை, எடுத்தே ஆகணும். ஓடியாடுகிற பிள்ளையின் மூக்கு சுத்தமாச்சா என்று பார்க்க அது எதற்கு? எம்.ஆர்.ஐ.யில் கதிர்வீச்சு கிடையாது. ஆனால் அசையாமல் படுக்க வைக்க சின்னப் பிள்ளைகளுக்குப் பல நேரம் மயக்க மருந்து கொடுக்க வேண்டியிருக்கும். அதுவும் சும்மா எடுக்கிற படம் இல்லை.

மொபைலில் ரிப்போர்ட் வந்தால்...

இப்போ டியூப்லைட் தேவையில்லை. ரிப்போர்ட் பி.டி.எஃப். ஆக வாட்ஸ்அப்பில் வந்து குதிக்கும். கீழேயே அக்காவின் வாய்ஸ் மெசேஜ்: 'தம்பி, என்னன்னு பாருடா.' வார்த்தையைத் தூக்கி இன்டர்நெட்டில் போட்டால் ரெண்டே நிமிஷத்தில் ஆபரேஷன் தியேட்டர் வாசலில் நிறுத்திவிடும். அதுக்கு முன்னாடி இந்த நாலை மட்டும் செய்யுங்க.

ஒன்று: ஸ்கேன் எதுக்கு எடுத்தாங்க? அந்தக் கேள்விக்கான பதிலை முதலில் தேடி, சத்தமாகச் சொல்லுங்க. 'அக்கா, ரத்தக் கசிவு இல்லையாம், எலும்பு உடையலையாம்.' வீட்டில் எல்லாரும் மூச்சு விடட்டும்.

இரண்டு: ஸ்கேன் எடுத்த அன்னைக்கு, அதுக்கு முந்தின ரெண்டு வாரத்தில், பிள்ளைக்கு ஜலதோஷம் இருந்துச்சா என்று கேளுங்க. பெரும்பாலும் கதை அங்கேயே முடிந்துவிடும்.

மூன்று: இப்போ எப்படி இருக்கு? சாப்பிடுதா, விளையாடுதா, தூங்குதா? சளி பத்து நாளைத் தாண்டுதா?

நான்கு: இதை எல்லாம் எடுத்துக்கொண்டு, ஸ்கேன் எழுதிக் கொடுத்த டாக்டரிடமே நேராகக் கேளுங்க: 'சார், இந்த வரிக்கு நாங்க ஏதாவது செய்யணுமா?' ஒரே வாக்கியம்தான். 2004-இல் இதைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. தெரியாத மாதிரிக் காட்டிக்கொள்ள வெட்கம். 'எனக்குப் புரியலை அக்கா, கேட்டுட்டு வர்றேன்' என்று அன்னைக்குச் சொல்லியிருந்தால், ஒரு பையனுக்கு ஆறு வருஷம் ஆறு கிடைத்திருக்கும்.

வாண்டு இப்போ சென்னையில் வேலை பார்க்கிறான். இந்தப் பொங்கலுக்கு ஊரில் சந்தித்தோம். விடியற்காலையில் என்னை எழுப்பி ஆற்றுக்கு இழுத்துக்கொண்டு போனான். தண்ணீர் ஜில்லென்று இருந்தது. நான் படித்துறையில் நின்று யோசித்துக்கொண்டிருக்க, அவன் ரெண்டு முங்கு போட்டுவிட்டான். 'என்ன மாமா, இறங்கலையா? உங்களுக்கு சைனஸா?' என்றான்.

அவன் சிரித்தான். நானும் சிரித்தேன். அப்புறம் செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினேன்.

அடுத்த வாரம் பார்க்கலாம் ஃப்ரெண்ட்ஸ். அதுவரைக்கும், எந்தப் பேப்பராக இருந்தாலும் கடைசி வரி வரைக்கும் வாசிங்க!